பத்தாம் ஆண்டு விழாவுக்கு மண்டபம் வேண்டாம், செக்கைத் திறந்து காட்டுங்கள்

கேள்வி: வெள்ளக்கோவில் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆலை நடத்துகிறேன். வரும் ஆடி மாதம் பத்து ஆண்டு நிறைகிறது. விழாவுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மண்டபம் பிடித்து, சின்னத்திரை நடிகர் ஒருவரை அழைத்து, பத்திரிகைகளுக்கும் சொல்லி நடத்தினால் தொழிலுக்குப் பெயர் கிடைக்குமா? எப்படித் திட்டமிடுவது, எப்படி விளம்பரப்படுத்துவது?

பதில்:

மண்டபமும் வேண்டாம், நடிகரும் வேண்டாம். இருபது ஆண்டுகளாகக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்துவருகிறேன். நடிகர்கள் வந்த விழாக்களையும் நடத்தியிருக்கிறேன். மறுநாள் ஊரில் பேசப்படுவது அவர் எவ்வளவு நேரம் இருந்தார், யாரோடு படம் எடுத்துக்கொண்டார் என்பதுதான். எந்தக் கடைக்காக வந்தார் என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. உங்கள் மூன்று லட்சத்தில் பெரும்பகுதி அவருக்கும் மண்டபத்துக்கும் போய்விடும். பத்து ஆண்டு உழைப்பு மேடைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் மக்கள் எதைச் சந்தேகப்படுகிறார்கள்? மரச்செக்கு எண்ணெய் விற்பவர்கள் எல்லாரும் தினமும் எதிர்கொள்ளும் சந்தேகம் இரண்டு. இது உண்மையிலேயே செக்கில் ஆட்டியதுதானா? கடையில் கிடைக்கும் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை? இந்த இரண்டுக்கும் கண்ணெதிரே பதில் சொல்வதுதான் உங்கள் விழாவாக இருக்க வேண்டும். சந்தேகம் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டாத எந்த விழாவும், எவ்வளவு செலவழித்தாலும், வெறும் கூட்டமாகத்தான் முடியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஆலை முற்றத்தில் ஒரு தராசு. வருபவர்களில் ஒருவரையே கூப்பிட்டுப் பத்துக் கிலோ எள்ளை எடைபோடச் சொல்வேன். அந்த எள், சேர்க்கும் கருப்பட்டி, தெளிக்கும் தண்ணீர் ஆகிய மூன்றின் அளவையும் ஒரு கரும்பலகையில் அவரே எழுதுவார். எள் செக்கில் இறங்கும். வாகை மர உலக்கை சுற்றச் சுற்ற எள் நசுங்கி, இறுகி, கருத்து, கொஞ்ச நேரத்தில் முதல் எண்ணெய் நூல்போல வழிந்து பாத்திரத்தில் விழும். அந்த வாசனையை எந்த விளம்பரப் படத்தாலும் காட்ட முடியாது. ஆட்டி முடித்ததும் எண்ணெயையும் புண்ணாக்கையும் அதே தராசில் எடைபோடுவோம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ எள் வேண்டும் என்பது உங்களுக்குத் தினசரிக் கணக்கு. வாடிக்கையாளருக்கு அது தெரியாது. பத்துக் கிலோ போட்டு நான்கு லிட்டர் அளவுதான் வந்தது என்று பார்த்துவிட்டால், அன்றைய எள் விலையை வைத்து அவரே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு விலையைப் பற்றி நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலுக்குள்ளிருந்தே விழாவை எடுப்பது புதிய யோசனை இல்லை. பிரான்ஸில் லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழ் விற்பனையில் போட்டி இதழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்சும் இளம் நிருபர் ஒருவரும் சேர்ந்து எடுத்த முயற்சிதான் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். 1903 ஜூலை 1 அன்று 60 பேர் புறப்பட்டார்கள்; 21 பேர்தான் முடித்தார்கள். நாட்டைச் சுற்றி நடக்கும் பந்தயத்தில் யார் முந்துகிறார் என்று தெரிய வேண்டுமானால் மறுநாள் அந்த நாளிதழை வாங்க வேண்டும். விற்பனை பல மடங்கு உயர்ந்தது. அந்த இதழ் மஞ்சள் தாளில் அச்சானது. முன்னணி வீரர் இன்றும் அணியும் மஞ்சள் சட்டை அதன் நினைவாக வந்தது என்பார்கள். பந்தயத்தைப் பார்த்தவருக்கு நாளிதழ் தேவைப்பட்டது. உங்கள் விழாவுக்கு வந்தவருக்கு உங்கள் எண்ணெய் தேவைப்பட வேண்டும். நடிகரைப் பார்க்க வந்தவருக்கு அது தேவைப்படாது.

இனி நாள். ஆடி என்று நீங்கள் சொன்னது எனக்கு நல்லதாகவே படுகிறது. மாசிப் பட்டத்து எள் வைகாசி, ஆனியில் வந்துவிடுவதால் புதுச் சரக்கு கையில் இருக்கும். கல்யாண முகூர்த்தங்கள் இல்லாததால் பந்தல்காரர், சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர் எல்லாரும் சொன்ன நாளில் கிடைப்பார்கள், விலையும் பேசலாம். பள்ளிகள் திறந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களோ பங்குதாரரோ ஆடியில் வேண்டாம் என்று நினைத்தால் அவர்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. ஆனால் காற்றை மறக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் எப்படி வீசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைப் பந்தல்காரரிடம் விளையாட்டாகச் சொல்லாமல், கால்களை ஆழமாக நட்டுக் கயிறு கட்டச் சொல்லுங்கள். துணிப்பந்தலைவிட ஆலையின் கூரைக்குக் கீழேயே பெரும்பகுதியை நடத்துவது நல்லது. ஒலிவாங்கியில் காற்று இரைந்தால் ஒரு வார்த்தையும் கேட்காது. அதற்கான பஞ்சு உறையைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றைவிட நான் அதிகம் பயப்படுவது மின்சாரத்துக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவு ஆலையில் இதே போலத் திறந்த நாள் நடத்தினோம். எண்பது பேர் வந்திருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், ஆலைக்காரர் பித்தானை அழுத்தப் போனார். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. அன்று அந்தத் துணைமின் நிலையத்தில் மாதாந்தரப் பராமரிப்பு. மாலை நான்கு மணி வரை வராது. அந்த அறிவிப்பு அன்றைய நாளிதழின் உள்பக்கத்தில் அச்சாகியிருந்தது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது, ஆலையின் மோட்டாரை இழுக்கவில்லை. பிள்ளைகள் சுற்றாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. அன்றிலிருந்து நாள் குறிக்கும் முன் முதலில் பேசுவது மின்வாரிய அலுவலகத்தோடுதான். உங்கள் செக்கின் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்து, அதை இழுக்கக்கூடிய ஜெனரேட்டரையே வாடகைக்கு எடுங்கள். முந்தின நாள் அதில் செக்கை ஓட்டியும் பாருங்கள்.

ஒத்திகை என்பது மேடையில் யார் எப்போது ஏறுவது என்பதற்கு மட்டும் அல்ல. 2005 ஜூனில் அமெரிக்காவின் ஸ்னாப்பிள் பான நிறுவனம் உலகின் மிகப் பெரிய குச்சி ஐஸை நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தப்போவதாக அறிவித்தது. உயரம் 25 அடி, எடை 17 டன்னுக்கும் மேல். வெயிலில் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக உருகியது. கிவி, ஸ்ட்ராபெரி சாறு தெருவில் ஓடி, வழுக்கும் சாலையைத் தீயணைப்புப் படையினர் மூடிக் கழுவ வேண்டியிருந்தது. செய்தி உலகம் முழுதும் போனது, ஆனால் நிறுவனம் விரும்பிய செய்தி அல்ல. நடத்தப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வெயிலிலும் காற்றிலும், முழு அளவில் ஒருமுறை செய்து பாருங்கள். எள் ஆட்ட எத்தனை நிமிடம் ஆகிறது, எண்ணெய் முதலில் எப்போது வழிகிறது, எத்தனை பேர் சுற்றி நின்றால் பின்னால் இருப்பவருக்கும் தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரு செக்கைச் சுற்றி நிற்க முடியாது என்றே நினைக்கிறேன். அதனால் முந்நூறு பேரை ஒரே நேரத்துக்கு அழைக்காமல், நாள் முழுதும் பிரித்து அழையுங்கள். மோட்டார் பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டு, செக்கைச் சுற்றி இடுப்பளவில் தடுப்பு, தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே போட மரத்தூள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஆகியவை அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாலையில் கலைநிகழ்ச்சி வைத்தால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுங்கள். சாலையோரத்தில் பேனர் வைக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத ஒரு பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்துபோனார். யாரோ ஒருவர் வீட்டு விழாவுக்கு வைத்த பேனர் அது. உங்கள் பகுதியின் காற்றில் பேனர் என்பது இன்னும் ஆபத்தான பொருள். அந்தப் பணத்தை அழைப்புக்குச் செலவழியுங்கள்.

அழைப்புதான் உண்மையான விளம்பரம். மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வட்டத்தில் உங்களுக்கு எள்ளும் கடலையும் தேங்காயும் கொடுத்த விவசாயிகள், பத்து ஆண்டாக எண்ணெய் வாங்கும் வீடுகள், செக்கில் வேலை பார்த்தவர்கள். இவர்களை வாட்ஸப்பில் அழைக்காதீர்கள். நீங்களோ வீட்டில் ஒருவரோ நேரில் போய் வெற்றிலை பாக்கோடு அழைப்பிதழ் கொடுங்கள். அப்படி அழைக்கப்பட்டவர் தனியாக வருவதில்லை. சொந்தக்காரர்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வருவார். இரண்டாம் வட்டத்தில் அக்கம்பக்கத்துப் பள்ளிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஓட்டல்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள். மூன்றாவதுதான் பொதுமக்கள், பத்திரிகையாளர்கள், யூடியூப் அலைவரிசை நடத்துபவர்கள். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதல் வட்டம் நிறைந்திருந்தால் மூன்றாம் வட்டம் எழுதுவதற்கு மனிதர்கள் கிடைப்பார்கள். அது இல்லாவிட்டால் காலி நாற்காலிகளைத்தான் படமெடுக்க முடியும்.

பத்திரிகையாளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பவானியில் ஒரு ஜமக்காளத் தறிக்கூடத்தின் விழாவில் நடந்தது இது. மேடையில் வாழ்த்துரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாளிதழின் புகைப்படக்காரர் மேடைக்கு முதுகைக் காட்டி, குழித்தறியின் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். தறியில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட, சிவப்பும் பச்சையுமான பட்டைகள் விரல் விரலாக ஏறிக்கொண்டிருந்தன. புகைப்படக்காரர் கால் மணி நேரம் அசையவே இல்லை. மறுநாள் வெளிவந்தது அந்த அம்மாவின் விரல்கள் நூலைப் பிரிக்கும் படம். பொன்னாடை போர்த்திய படங்களில் ஒன்றுகூட வரவில்லை. அந்தத் தறிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து விசாரணைகள் வந்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அதனால்தான் சொல்கிறேன், படம் எங்கே இருக்கிறது என்று முன்பே முடிவு செய்யுங்கள். உங்கள் ஆலையில் அது முதல் எண்ணெய் வழியும் அந்த நிமிடம். சன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுமாறு பாத்திரத்தை வையுங்கள், பின்னால் இருக்கும் சாக்கு மூட்டைகளையும் பழைய காலண்டரையும் எடுத்துவிடுங்கள்.

நிருபர்கள் பிற்பகலுக்குள் செய்தியை அனுப்பத் தொடங்குவார்கள். எடைபோடுவதும் எண்ணெய் வழிவதும் காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். பத்து நாளுக்கு முன் ஒரு கடிதம், முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். செய்திக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. “மக்கள் மனம் கவர்ந்த முன்னணி நிறுவனம்” என்று தொடங்கும் குறிப்பை எந்த உதவி ஆசிரியரும் முதல் வரியிலேயே வெட்டிவிடுவார். இப்படித் தொடங்குங்கள்: “ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க எவ்வளவு எள் வேண்டும் என்பதை வாடிக்கையாளர்களே எடைபோட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி வெள்ளக்கோவிலை அடுத்த மரச்செக்கு ஆலையில் நடைபெறுகிறது.” அடுத்த வரியில் நாள், நேரம், இடம். பிறகு எத்தனை விவசாயிகளிடம் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற உண்மையான எண்கள். கடைசியில் நீங்களே எடுக்கும் தொலைபேசி எண். நிகழ்ச்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நல்ல படங்களை, யார் யார் இருக்கிறார்கள் என்று இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள். பெயர் எழுத்துப் பிழை வராமல் இரண்டு முறை சரிபாருங்கள். செய்தியாளருக்குப் பண உறை கொடுக்காதீர்கள். சிலர் அதை வழக்கம் என்று சொல்லக்கூடும். நேர்மையாக வேலை செய்யும் நிருபரை அது அவமதிக்கும். மற்றவர் எழுதுவதற்கு மதிப்பிருக்காது. யூடியூப்காரருக்குப் பணமோ பொருளோ கொடுத்தால் அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல் அதைத்தான் கேட்கிறது.

மேடைப் பேச்சு எல்லாருக்கும் சேர்த்து இருபது நிமிடம். ஆலையில் மூத்த தொழிலாளி ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். பேசத் தயங்கினால் நீங்கள் கேள்வி கேளுங்கள், அவர் பதில் சொல்லட்டும். சாப்பாட்டுக்குப் பெரிய விருந்து வேண்டாம். நல்லெண்ணெய் ஊற்றிய எள்ளுப் பொடியோடு சூடான இட்லி, எள்ளுருண்டை போதும். செக்கிலிருந்து இறக்கிய சூடான எள்ளுப் புண்ணாக்கில் கருப்பட்டி கலந்து ஒரு தட்டில் வையுங்கள். சின்ன வயதில் செக்கடியில் கை நீட்டி அதை வாங்கித் தின்ற பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையை எந்தப் பேச்சாளராலும் சொல்ல முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எண்ணெய் சர்க்கரை நோயைத் தீர்க்கும், மாரடைப்பைத் தடுக்கும் என்று ஒரு பலகைகூட இருக்கக் கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. ஆர்வத்தில் மேடையில் யாராவது அப்படிப் பேசினாலும் பொறுப்பு உங்களுடையது. இரண்டு, வருபவர்கள் கொண்டுவரும் பாட்டிலில் செக்கிலிருந்து நேராக ஊற்றி விற்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடைக்கப்படாத சமையல் எண்ணெயை விற்க 2011 முதல் பொதுவான தடை உண்டு. மாநில அரசு விலக்களித்தால்தான் முடியும். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவரையே விழாவுக்கு அழைத்து, கலப்படத்தை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

சங்கடமான கேள்விகள் வரும். சென்ற ஆண்டு வாங்கிய எண்ணெய் சிக்கு வாடை அடித்தது என்று கூட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து சொல்லலாம். அவரை ஓரமாகக் கூட்டிப் போகாதீர்கள். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்துகளை மூடி மறைப்பதுதான் ரயில் நிறுவனங்களின் பழக்கம். அந்த ரயிலை ஓட்டிய நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ அதற்கு மாறாக உண்மைகளை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். முதல் செய்திக் குறிப்பு அதுதான் என்று எங்கள் துறையில் பலர் சொல்வார்கள். உங்கள் பதிலும் அப்படியே இருக்கட்டும்: எந்த மாதம் வாங்கினீர்கள், அப்போது மழையில் எள் சரியாகக் காயவில்லையா, இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, மாற்று எண்ணெய் கொடுங்கள்.

செலவை இப்படிப் பிரிப்பேன். ஆலையைச் சீர்செய்வது, பாதுகாப்பு, கழிப்பறை, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு ஒரு லட்சம்; தடுப்பும் கூண்டும் விழாவுக்குப் பிறகும் உங்களுக்குப் பயன்படும். சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் எழுபதாயிரம். அழைப்பிதழ், நேரில் போய் அழைக்கும் செலவு, உள்ளூர் நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம். நல்ல புகைப்படக்காரருக்கும் காணொளிக்கும் நாற்பதாயிரம். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், அடுத்த மூன்று ஆண்டுக்கு உங்கள் கடையில் தொங்கப்போவது அந்தப் படங்கள்தான். மீதி நாற்பதாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். விழாவுக்கு முந்தின நாள் எப்படியும் அது தேவைப்படும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? நாளிதழில் வந்த செய்தியின் அளவை எடுத்து, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று கணக்கிட்டு, இத்தனை லட்சம் லாபம் என்று சிலர் காட்டுவார்கள். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்புத் துறையினரே அது சரியான அளவுகோல் அல்ல என்று ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. விழாவுக்குப் பிறகு மூன்று மாதத்தில் புதிதாக வந்த வீடுகள் எத்தனை, அவற்றில் இரண்டாம் முறையும் வாங்கியவை எத்தனை, யார் சொல்லி வந்தார்கள். கடையில் ஒரு நோட்டு வைத்து, பில் போடும்போதே கேட்டு எழுதுங்கள். தொலைபேசி எண் வாங்கினால் எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்டு வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது.

விழா முடிந்த இரண்டு நாளுக்குள், வந்த விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் அவர் இருக்கும் படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தனுப்புங்கள். அந்தத் தராசையும் கரும்பலகையையும் எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். கடை வாசலிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் யார் வந்தாலும் எடைபோட்டு ஆட்டிப் பார்க்கலாம் என்று எழுதி வையுங்கள்.